பாங்கு நேரத்தில் செட்டை அமர்த்தியவன் நான்தான்

நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அந்த நாலாம் வகுப்பை வைத்துக்கொண்டு என்னென்ன உண்டாக்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விளிம்பு நெளிந்த ஒரே ஒரு கூம்புக் குழாயில் ஆரம்பித்து, இசக்கிமுத்து ஒலிபெருக்கி நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டினேன். ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் என் செட்டு பாடாத கல்யாண வீடு கிடையாது. சீவலப்பேரியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாப் பாட்டைக் கேட்டுக்கொண்டே நட்டார்கள் என்றால் குழாயை எந்த உயரத்தில் கட்டியிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். குலசேகரன்பட்டினம் தசராவில் கடல் இரைச்சலை என் செட்டு ஜெயித்தது. காயல்பட்டினத்தில் வளைகுடாவிலிருந்து வந்த மாப்பிள்ளைகள், அங்கே வாங்கி வந்த பாட்டுப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு என் செட்டைக் கூப்பிட்டார்கள். மாடி வீடு கட்டினேன். மூன்று பெண்களைக் கரையேற்றினேன். ஒலிபெருக்கி உரிமையாளர் சங்கத்தில் தலைவராக இருந்து, யாரும் கேட்காமல் நானே விலகினேன்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். ஊருக்குத் தெரிந்தும் ஊர் சொல்லாமல் விட்ட ஒரு காரியம் உண்டு. அது தொண்ணூறுகளில் நடந்தது. சங்கத்துப் பையன்கள் இப்போது பாட்டுப் பெட்டி முழுவதையும் கைபேசிக்குள் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, அந்தக் காலத்துல என்னதான் செஞ்சிய, சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். கேட்டதால் எழுதுகிறேன். கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் மாசிலாமணி அண்ணாச்சி. அவரிடம் ஒயர் சுற்றினேன், பேட்டரி சுமந்தேன், வேப்பமரத்தில் ஏறினேன், விழுந்தேன், மறுபடி ஏறினேன். படித்த காலம் அவ்வளவுதான். ஆனால் அவருடைய தோரணையைச் சொல்லாமல் போனால் பாவம். செட்டு கட்டி முடித்ததும் அவர் பெட்டிப் பக்கமே வரமாட்டார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கிற குழாய்க்கு அடியில் போய் நிற்பார். ஆம்ப்ளிபயரைத்தான் நாங்கள் பெட்டி என்போம். நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு விரல் உயர்ந்தால் சத்தத்தைக் கூட்டணும். உள்ளங்கை கவிழ்ந்தால் குறைக்கணும். அவர் துப்பினால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

அவருக்கு இரண்டு சட்டம். ஒன்று, செட்டுக்காரன் மைக்கில் பேசக் கூடாது. "ஊரு பேசுததுக்குத்தாம்லே மைக்கு. நீ ஒயரப் பாரு" என்பார். இரண்டாவது, குழாயின் வாய் எந்த வீட்டைப் பார்க்கிறதோ அந்த வீட்டுக்கு முந்தின நாளே போய்ச் சொல்ல வேண்டும். "பச்சப் பிள்ளை இருக்கா, படுக்கையில யாரும் உண்டுமா, பரீட்சைக்குப் படிக்குதாவளா" என்று கேட்க வேண்டும். இருந்தால் குழாயைக் கொஞ்சம் திருப்பிக் கட்டுவோம். சாதி, மதம் ஒன்றும் கேட்பதில்லை. காது எல்லாருக்கும் ஒன்றுதான் என்பது தொழில் விவரம்.

இன்னொரு வழக்கமும் அவர் காலத்திலேயே வந்தது. எங்கள் தெருவில் மேற்கே முப்பிடாதி அம்மன் கோயில், கிழக்குக் கோடியில் பள்ளிவாசல். கொடை நாளில் பாங்கு சொல்லும் நேரம் வந்தால் செட்டை அமர்த்திவிடுவோம், அதாவது நிறுத்திவிடுவோம். டீ குடித்து, கால் நீட்டி, பிறகு போடுவோம். யார் சொல்லி அமர்த்தினோம்? யாரும் சொல்லவில்லை. காரணம் பின்னால் வரும். இந்தக் கட்டுரையே அதற்குத்தான்.

சாகுலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாகுல் ஹமீது என் கூட்டாளி. பள்ளிவாசலுக்குப் பின்பக்கத்து வீடு. குழாய் கட்டுவதில் எனக்கு அடுத்தபடி அவன்தான். அவனைக் கேட்டால் மாற்றிச் சொல்லுவான், நம்ப வேண்டாம். மரத்தில் ஏறி, கண்ணைச் சுருக்கி, வீசுகிற காற்றைப் பார்த்துக் குழாயைச் சாய்த்தான் என்றால் சத்தம் தெருவுக்குள் பைய இறங்கும். இடுப்பில் எப்போதும் ஒரு கொறடு செருகியிருக்கும். தொழுகைக்குப் போகும்போது மட்டும் அதை என்னிடம் தருவான்.

பேச்சு என்பது மேடையில் பிறக்கிறது என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். நான் வாழ்நாள் முழுக்க மேடைக்கு அடியில் உட்கார்ந்தவன். என் கண்ணெதிரே ஒரு பேச்சு பிறந்து வளர்ந்ததைச் சொல்கிறேன்.

அதைப் பெற்றவன் சுடலைமுத்து. வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். நல்லவன். பஞ்சர் ஒட்டினால் மறுநாள் விசாரிப்பான், காற்று நிற்கிறதா என்று. அந்த வருஷங்களில் தெருவில் ஆளுக்கொரு மொபெட் வந்துவிட்டது. வாடகை சைக்கிள்கள் வரிசையாக வெயில் காய்ந்தன. வெளிநாட்டுக்குப் போகக் கிளம்பிய அவன் மகன் விசா கிடைக்காமல் பம்பாயிலிருந்து திரும்பி வந்தான். எதிர்வீட்டு பாய் மகன் வெளிநாடு போய்ச் சம்பாதித்து, வீட்டுக்குப் புது மாடி எழுப்பினான். சுடலைமுத்து நாள் முழுக்க அந்த மாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு மனிதனை அப்படி எதையாவது பார்த்துக்கொண்டே உட்கார வைக்கக் கூடாது.

ஒருநாள் டீக்கடையில் என்னைக் கேட்டான். "ஏம்வே இசக்கி, பாங்கு சொன்னா நீரு நம்ம கொடையில செட்ட அமத்துதீரே, அவிய நமக்காவ என்னத்தவே அமத்துதாவ?"

"அவியளுக்கு என்ன செட்டா இருக்கு, அமத்துததுக்கு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றைக்கு அது ஒரு வேடிக்கைக் கேள்வி.

அடுத்த வாரம் முடிவெட்டப் போனேன். கத்திரிக்காரர் என் தலையைக் குனிய வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, அமத்தச் சொல்லி அவிய உம்ம மெரட்டுனாவளாமே" என்றார். "யாருவே சொன்னது?" என்றால், "பேசிக்கிடுதாவ" என்கிறார். கேள்வியாகப் போனது சேதியாகத் திரும்பியிருந்தது. அரிசிக் கடைக்குப் போவதற்குள் அது அரசாங்க உத்தரவாகிவிட்டது. "எழுதி வாங்கிருக்காவளாம்லா?" நான் இல்லை என்றேன். "உமக்குத் தெரியாம வாங்கிருப்பாவ" என்று எனக்கே பதில் சொன்னார்கள். செட்டுக்காரன் நான், அமர்த்துகிறவன் நான், எனக்குத் தெரியாதாம்!

ஆற்றுப் படித்துறையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் கடைசியில் அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்தார். "நம்ம ஆத்தா கோயில்ல நம்ம வாயப் பொத்திட்டான்." பாட்டு நிற்பது வேறு, வாயைப் பொத்துவது வேறு. ஆனால் ஈரத் தலையோடு எல்லாரும் 'ஆமா' என்றார்கள். ஒவ்வொருத்தரும் ஆளுக்கொரு மனக்குறையை அதில் கரைத்துக்கொண்டார்கள். ஒருத்தருக்கு வாய்க்கால் தகராறு, ஒருத்தருக்குத் தம்பி பாகம் பிரித்தது, சுடலைமுத்துவுக்கு எதிர்வீட்டு மாடி.

அப்புறம்தான் மேடை. வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். செட்டு என்னுடையது. அவர் வந்ததும் இரண்டு பேரைக் கூட்டி வைத்து, ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டார். சாயங்காலம் மேடையில் ஏறி, படித்துறைக்காரர் சொன்னதையே தலை சீவி, பொட்டு வைத்து, திருப்பிக் கொடுத்தார்.

"தாயின் சந்நிதியில் உங்கள் வாயைப் பொத்திய கை எது? சொல்லுங்கள், அந்தக் கை எது?"

கூட்டம் ஓ என்று எழுந்தது. எனக்கே புல்லரித்தது. என் செட்டில் பேசினால் யாருக்கும் புல்லரிக்கும். அந்தப் பேச்சாளருக்கு உண்மையில் கீச்சுக் குரல். அதற்குக் கனம் கொடுத்தது யார் தெரியுமா? பெட்டிக்குப் பக்கத்தில் குமிழில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்த சாகுல்.

"இந்தாளுக்கு 'ச' வந்தா சீறுதுவே. கொஞ்சம் குறைச்சிருக்கேன்" என்றான் என்னிடம். பிறகு கொஞ்ச நேரம் கேட்டான். "ஏம்வே, நாம டீ குடிக்கப் போனதுக்கா இம்புட்டுப் பேச்சு?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் கூட்டம் முடிந்ததும் அவன் ஒயர் சுற்ற இறங்கியபோது, வழக்கமாக ஒரு கை பிடிக்கிற ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது.

கொடைக்கு முன்னால், கோயிலுக்கு வரி கொடுக்கிற வரிக்காரர்கள் கூடினார்கள். சுடலைமுத்து எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இந்த வருசம் பாங்குக்குச் செட்ட அமத்தக் கூடாது. கொழாயும் கெழக்கப் பாத்துக் கட்டணும். அப்பறம், சாகுலு வேண்டாம். நம்ம ஆளு வச்சுக் கட்டிக்கிடும்."

"சாகுலு யாரு ஆளுவே?" என்றேன்.

ஒன்று புரிந்துகொள்ளுங்கள். எங்கள் தெருவில் சாகுல் வேண்டாம் என்றால், அடுத்த தெருவிலும் வேண்டாம்தான். ஏற்கெனவே இரண்டு ஊர்களிலிருந்து, "உங்க கூட யாரு வாரா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கொடைதான் எங்கள் அறுவடை. அதில் ஏற முடியாதவன் இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

செட்டே கிடையாது என்று எழுந்து வந்துவிட்டேன். சாகுல்தான் என்னைத் திருப்பி அனுப்பினான். "நீரு போவாட்டா வெளியூர் செட்டு வரும். எந்த வீட்ல பச்சப் பிள்ளை இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா? போம்வே. நான் எங்கன போயிரப் போறேன்?"

கொடையன்று காலையில் சுடலைமுத்துவின் ஆட்கள் குழாய்களைக் கட்டினார்கள். எல்லா வாயும் கிழக்கே, பள்ளிவாசலைப் பார்த்து. பள்ளிவாசலுக்கு அப்போதுதான் உயரமாகப் புதுச்சுவர் எழுப்பியிருந்தார்கள். வில்லுப்பாட்டுச் செல்லக்கனி ஒரு வரி பாடினால் அது நேரே போய்ச் சுவரில் முட்டி, திரும்பி வந்து அவள் அடுத்த வரியின் மேல் விழுந்தது.

"அண்ணாச்சி," என்று மைக்கை மூடிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "எனக்குப் பின்பாட்டு அங்கன யாரோ பாடுதாவளே, அது யாரு?"

"நீதாம்மா."

"நான் இம்புட்டு மோசமாவா பாடுதேன்?"

மதியம் வந்தது. பாங்கு சொல்லும் நேரம். சுடலைமுத்து கையைக் கட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நான் குமிழைத் தொடவில்லை. பாங்கு சொன்னார்களா என்றே எங்களுக்குக் கேட்கவில்லை. வில்லு ஓடிக்கொண்டே இருந்தது. செல்லக்கனி தொண்டையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். குடக்காரர் என்னைப் பார்த்தார். மேளக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக அவர்கள் பானகம் குடிப்பதும், நாதஸ்வரக்காரர் சீவாளி மாற்றுவதும் அந்த இடைவெளியில்தான். நான் சுடலைமுத்துவைக் காட்டினேன். வாசிக்க வேண்டியதுதான். வாசித்தார்கள். மேளம் ஏறிவிட்டது. மேளம் ஏறினால் சாமி சும்மா இருக்குமா? சாமியாடிக்கு அருள் வந்து, வேப்பங்குலையோடு பொங்கப் பானை வரிசைக்கு ஓடினார்.

அங்கே ஒரு பானைகூடப் பொங்கவில்லை. ஒரு அடுப்பிலும் தீ இல்லை. பெண்கள் எல்லாரும் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சாமியாடி அப்படியே நின்றுவிட்டார். ஆடிக்கொண்டே நின்றார் என்று சொல்ல வேண்டும். "பொங்கல் எங்கடா?" என்று சாமி கேட்டது.

முதல் பானை அந்த வருஷம் சுடலைமுத்துவின் பெண்சாதி பேச்சியம்மாளுடையது. அவள் சாமியிடம் கைகூப்பிச் சொன்னாள். "செட்டு நிக்கலையே, ஆத்தா!"

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. எங்கள் கொடையில் யாரும் கடிகாரம் பார்த்துப் பொங்கலிட்டதில்லை. செட்டு நின்றால் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். செட்டு மறுபடி பாடி மேளம் ஏறும்போது பானை பொங்கும். பொங்குகிற பானைக்குச் சாமி வரும். இதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாக அமைந்து போனது. எதை நிறுத்தினால் எது நிற்கும் என்று யோசிக்காமல் எங்கள் ஆட்கள் அந்த இடைவெளியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். பிடுங்கிய இடத்தில் எங்கள் பொங்கலே இருந்தது.

பேச்சியம்மாள் எழுந்து நேரே பெட்டிக்கு வந்தாள். "இந்தாரும், செட்ட அமத்தாம நாங்க எப்பம் அடுப்பப் பத்த வைக்க? ஆத்தா வந்து வெறும் பானையப் பாத்துட்டு நிக்கா. அமத்தும்!"

"அமத்தக் கூடாதுன்னு..." என்று சுடலைமுத்து ஆரம்பித்தான்.

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"அப்பம் நீரே அமத்தும்."

சுடலைமுத்து பாய்ந்து ஒரு குமிழைத் திருகினான். தப்பான குமிழ். செட்டு ஊளையிட்டது பாருங்கள், மரத்தில் இருந்த காக்கைகள் அத்தனையும் ஆற்றைத் தாண்டிப் போயின. நான் அவன் கையைத் தட்டிவிட்டு, பைய அமர்த்தினேன். தெருவே அமைதியானது. பெண்கள் தீக்குச்சி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில் கிழக்கே பார்த்தேன். பள்ளிவாசல் வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். செட்டு நிற்காததால் ஏதோ வரப் போகிறது என்று பயந்து நின்றவர்கள், ஊளை கேட்டு இன்னும் பயந்து போயிருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் நாலு எட்டு முன்னால் வந்து கூப்பிட்டார். "என்ன இசக்கி, செட்டு ரிப்பேரா? சாகுல அனுப்பட்டா?"

அவருக்குப் பின்னால் சாகுல் நின்றான். வேண்டாம் என்று சொன்ன கொடைக்கு, இடுப்பில் கொறடோடு வந்து நின்றான்.

மாசிலாமணி அண்ணாச்சியின் முதல் சட்டத்தை அன்றைக்குத்தான் மீறினேன். மறுபடி செட்டைப் போட்டு, மைக்கை எடுத்தேன்.

"அந்தக் கை எதுன்னு அன்னைக்கு மேடையில கேட்டாவல்லா?" என்றேன். கையைத் தூக்கிக் காட்டினேன். "இந்தக் கைதான்வே. எவனும் சொல்லி அமத்தல. மாசிலாமணி அண்ணாச்சி வச்சிருந்தது வால்வு பெட்டி. ரெண்டு மணி நேரம் பாடுனா தோசைக்கல்லு மாதிரி ஆயிரும். ஆற வைக்கணும். எப்பம் ஆற வைக்கணும்னு எங்க ரெண்டு பேருக்கும் கடியாரம் கெடையாது. பள்ளிவாசல்ல இருந்து நேரம் சும்மா வந்துது, எடுத்துக்கிட்டோம். புதுப் பெட்டி வந்தப்பறம் ஆற வைக்கத் தேவையில்ல. ஆனா எனக்கு டீ குடிக்கணும், ஒண்ணுக்குப் போவணும். அதுக்குத்தான் அமத்துதேன். நீங்க மானம் போச்சுன்னு மாசக்கணக்கா பேசிட்டுத் திரியுதிய!"

முதலில் செல்லக்கனி வில்லின் மேலேயே கவிழ்ந்து சிரித்தாள். மேளக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கிழக்கே போய்ச் சுவரில் முட்டி இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. அங்கே நின்றவர்களும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அருள் வந்த சாமியாடிகூட வாயைக் குலையால் மறைத்துக்கொண்டார்.

சுடலைமுத்து மட்டும் நின்றுகொண்டே இருந்தான். "அப்பம்..." என்றான். "எங்க வாயப் பொத்துனது உம்ம தோசைக்கல்லா வே?"

"ஆமா. ஒனக்குப் பதில் வேணும்னா என்னைய நேரா கேட்டுருக்கணும்."

"டீக்கடையில கேட்டேம்லா!"

அது உண்மைதான். அன்றைக்கே பெட்டிச் சூட்டைச் சொல்லாமல் வேடிக்கையாகப் பதில் சொன்னவன் நான். சரி, என் வேடிக்கை நன்றாகத்தான் இருந்தது.

சுடலைமுத்து கிழக்கே திரும்பிக் கையை ஆட்டினான். "ஏ சாகுலு, வந்து இந்தக் கொழாயத் திருப்பிக் கட்டுலே! நம்ம சத்தம் நம்ம மேலயே விழுது!" சாகுல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணி வைத்து மரத்தில் ஏறினான். கீழேயிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டது சுடலைமுத்து. பானைகள் ஒவ்வொன்றாகப் பொங்கின. முதல் பானை பேச்சியம்மாளுடையது, கிழக்கே பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். சாமி இரண்டாம் தடவையாக, அவசரமில்லாமல் வந்தது.

அதோடு உலகம் திருந்திவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தப் பேச்சாளர் வேறு ஊர்களுக்குப் போனார். அந்தந்த ஊர்ப் படித்துறையில் கிடைத்ததைப் பொறுக்கிப் பேசினார். பேச்சு ஒலிநாடாவில் எங்கள் கடைகளுக்கும் வந்தது. ஆனால் 'அந்தக் கை எது' என்ற இடம் வரும்போது எங்கள் தெருவில் யாராவது ஒருத்தர், "இசக்கி கை" என்று சொல்லிவிடுவார்கள். கேட்டவர்கள் சிரித்துவிட்டால் அதற்குமேல் அந்த நாடா ஓடாது. உங்க கூட யார் வருகிறார்கள் என்று கேட்ட ஊர்களில், "சாகுல் வாரான், வேணும்னா சொல்லும்" என்றேன். வேண்டும் என்றார்கள். நான் கடையை மகனுக்குக் கொடுக்கிறவரை அவன் என்னோடு ஏறினான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் முப்பிடாதி அம்மன் கோயிலுக்குத் திருப்பணி முடிந்து கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். 'ஊர் ஒற்றுமை காத்த பெரியோர்கள்' என்று தலைப்பு. கண் மங்கிவிட்டதால் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வரிக்காரர்கள் பெயர் இருக்கிறது. அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவர் பெயர் இருக்கிறது. சுடலைமுத்து பெயர் மூன்றாவதாக இருக்கிறது. அவன் இருக்கட்டும், ஏணியைப் பிடித்தான். என் பெயர் இல்லை.

மாசிலாமணி அண்ணாச்சி இருந்தால், "ஒயரப் பாருலே" என்பார். அவர் கேட்காத ஆள். நான் கேட்கிற ஆள். கல்லின் அடியில் இன்னும் இடம் இருக்கிறது, கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வரிக்காரர்களே, அந்த இடத்தில் என் பெயரை வெட்டுங்கள். கீழே சாகுல் ஹமீது பெயரை வெட்டுங்கள். அவன் தன் பெயர் மேலே வர வேண்டும் என்பான், கேட்காதீர்கள். பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள், சுற்றி வளைக்காமல்: பாங்கு நேரத்தில் செட்டை அமர்த்திய கை இசக்கிமுத்துவின் கை.

அடுத்த கொடைக்கு முன்னால் வெட்டியாக வேண்டும். இல்லையென்றால் மதியம் செட்டு நிற்காது என்று என் மகனிடம் சொல்லிவிட்டேன். அப்புறம் பொங்கலுக்கு நீங்கள் பேச்சியம்மாளிடம் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.